தேனில் குழைத்த மாத்திரை

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் என் தம்பிக்கு மாத்திரை விழுங்கத் தெரியாது. நாக்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மட்டும் உள்ளே போகும். மாத்திரை அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது நான்தான் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டுவேன். பெரியவனான பிறகும் அதேதான். ஆள் கதவு உயரம் இருப்பான், லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, இரும்புக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து மாடி ஏறுவான். ஒரு மாத்திரையைக் கண்டால் மட்டும் முகம் கோணும்.

நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்று எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் அம்மா. அவன் தினமும் மாத்திரை சாப்பிட்டான் என்று அவன் மனைவி சொல்கிறாள். உடம்பில் மருந்தின் சுவடே இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது. இரண்டில் எது பொய் என்று கேட்கிறீர்கள். எதுவும் பொய் இல்லை. எங்கள் வீட்டில் பொய் சொல்கிற வழக்கம் கிடையாது. முதலிலிருந்து சொல்கிறேன், டீ ஆறுவதற்குள் நீங்கள் குடித்துவிடுங்கள்.

நான் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது வேலை. தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்தவனையும் பார்த்திருக்கிறேன், காந்தத்தை ஒட்டி வைத்தவனையும் பார்த்திருக்கிறேன். நான் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் எடைக்கல்லைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த மரியாதையை நான் சும்மா சம்பாதிக்கவில்லை. எங்கள் அப்பா தொலைத்ததைத் திருப்பிக் கொண்டுவரச் சம்பாதித்தேன்.

தம்பியைப் போலவே அப்பாவும் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்தான். அந்தக் காலத்தில் கை நடுக்கத்துக்கு மாத்திரை கீத்திரை எல்லாம் கிடையாது. களத்துக்குப் போகும் முன் ஒரு மடக்கு பிராந்தி. நிறையப் பேர் செய்தார்கள், மாட்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். நடுவர் அவர் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் வாசலைக் காட்டினார். நான் அப்பாவின் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ‘மடக்கு வீடு’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட வேண்டுமானால் பெயர் சொல்ல மாட்டார்கள், கட்டை விரலை வாயில் கவிழ்த்துக் காட்டுவார்கள். தம்பி அப்போது பிறக்கவே இல்லை. அவனுக்கு அந்தப் பெயர் ஒரு வேடிக்கை. “மடக்கு வீட்டு வாரிசு வந்திருக்கேன், கதவைத் திறங்கப்பா” என்று கிளப் வாசலில் அவனே கத்துவான். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஆனால் சுடுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. காற்றுத் துப்பாக்கி, ஒற்றைக் கை. எதிரே பத்து மீட்டரில் சட்டைப் பொத்தான் அளவு வட்டம். மற்றவர்கள் துப்பாக்கியைத் தூக்கினால் முனை கொசு மாதிரி அலையும். இவன் தூக்கினால் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்கும். அதனால் கிளப்பில் அவன் பெயர் ஆணி. நான் அந்தக் கிளப்புக்குச் செயலாளர். மனுக்கள், பதிவுகள், மாநிலத் துப்பாக்கிச் சங்கத்தோடு பேச்சுவார்த்தை எல்லாம் என் பொறுப்பு. தம்பிக்குச் சுடுவது தவிர வேறு எதிலும் பொறுமை கிடையாது.

போன வருடம் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது யாரோ இரும்பு அலமாரியின் கதவைப் படாரென்று சாத்தினார்கள். தம்பி அப்படியே மடங்கி விழுந்தான். ஒரு நிமிடத்தில் எழுந்து, “என்னடா எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறீங்க, இலக்கு அங்க இருக்கு” என்றான். ஆனாலும் நான் விடவில்லை, இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அந்த டாக்டர் தெளிவான மனிதர். இதயம் துடிக்கிற தாளத்தில் பிறவிக் கோளாறு, பீட்டா பிளாக்கர் என்ற மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டும் என்றார்.

“எத்தனை நாளைக்கு டாக்டர்?” என்று கேட்டேன்.

“நாள் கணக்கெல்லாம் இல்ல பெரியவரே. ஆயுசுக்கும். விடறது ஆபத்து. சட்டுனு விடறது அதைவிட ஆபத்து. அப்படி விட்டா, எதிர்பார்க்காம ஒரு சத்தம் கேட்டாகூடப் போதும்.”

“இவன் பொழப்பே சத்தத்துக்கு நடுவுலதானே?”

“அவர் சுடற சத்தம் அவருக்கே தெரியும், அது பரவாயில்ல. முதுகுக்குப் பின்னாடி வர்ற சத்தம்தான் பயம். புரிஞ்சுதா?”

புரிந்தது என்றேன். நன்றாகவே புரிந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் ‘பாவம், வயதானவர், விவரம் தெரியாமல் செய்துவிட்டார்’ என்று எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். எனக்கு அது பிடிக்காது.

சிக்கல் என்னவென்றால், அந்த மாத்திரை எங்கள் விளையாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். துடிப்பைத் தணிக்கும், கை நடுக்கத்தை அடக்கும். போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் கூடாது. உண்மையான நோயாளி மருத்துவ விலக்கு கேட்டு மனுப் போடலாம். தம்பி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

“கொடுத்தா சுடறேன் அண்ணே. கொடுக்கலைன்னா துப்பாக்கிய வச்சிடறேன். லிஃப்ட் இருக்கு, சோறு போடும்.”

“அப்பாடா” என்றாள் அவன் மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள், எதையும் சுருக்கமாகத்தான் சொல்லுவாள். “மாமா, நீங்க அவரை உசுப்பேத்தாம இருந்தா போதும்.”

நான் உசுப்பேற்றவில்லை. மனுப் போட்டேன். ஒழுங்காக, எல்லாச் சான்றுகளோடும். டாக்டர் எழுதிய மாத்திரையையும் அன்றிலிருந்தே தேனில் குழைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

இதற்கிடையில் பல் டாக்டர் ஒரு காரியம் செய்தார். பல் டாக்டர் என்பவர் எங்கள் கிளப்பிலேயே தம்பிக்கு அடுத்தபடியாகச் சுடுகிறவர். கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். குடிநீர்க் குழாய் பக்கத்தில் என்னை நிறுத்தி, “என்ன பெரியவரே, ஆணிக்கு இதயமாமே? இதயம்னா அந்த மாத்திரைதானே குடுப்பாங்க? எத்தனை நாளா சாப்பிடறார்?” என்றார்.

எத்தனை நாளா. கவனித்தீர்களா, அம்மா? சாப்பிடப் போகிறாரா என்று கேட்கவில்லை. நாளைக்குத் தம்பி துப்பாக்கியை வைத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது அந்த மூன்றாவது கேள்வியிலேயே இருந்தது. இத்தனை வருடக் கோப்பையும் மாத்திரைக் கோப்பை. அப்பன் மடக்கு, மகன் மாத்திரை. வாய்க்கு எவ்வளவு வாட்டமாக வருகிறது பாருங்கள். “அவனுக்கு மாத்திரையே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மூச்சுப் பயிற்சி போதுமாம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அடுத்த வாரம் சங்கத்தின் மருத்துவக் குழுவிலிருந்து போன் வந்தது. குழுவின் டாக்டர் பழக்கமானவர், கலகலப்பானவர்.

“கிடைக்காது பெரியவரே. வேற எந்த விளையாட்டுன்னாலும் யோசிக்கலாம். இங்க அந்த மாத்திரை குடுத்தா, கைக்கு முட்டுக் குடுத்த மாதிரி. மத்தவங்க சும்மா விடுவாங்களா? உங்க தம்பிய ஓட்டப் பந்தயத்துக்கு மாறச் சொல்லுங்க, அங்க தடையே இல்ல.”

“இதயம் சரியில்லாதவனை ஓடச் சொல்றீங்களா?”

“அதுவும் சரிதான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். “விளையாட்ட விட்டுட்டு மாத்திரையப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. ரொம்ப நாள் இருப்பார்” என்றார் கடைசியாக. எழுத்திலும் அனுப்பட்டுமா என்று கேட்டார். நான் செயலாளர், என்னிடம் சொன்னால் போதும் என்றேன்.

போனை வைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கினேன். தம்பி படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். அப்பா களத்துக்குப் போகும்போது திரும்பிப் பார்ப்பாரே, அச்சு அசல் அந்தப் பார்வை.

“கிடைச்சிருச்சுடா” என்றேன். “மருத்துவ விஷயம், வெளியே மூச்சு விடக் கூடாது. அது விதி.”

குழந்தை மாதிரி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். சட்டையெல்லாம் பாலிஷ்.

மறுநாள் காலையிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன். அவன் மனைவி விடியும் முன்பே பேருந்தை எடுக்கப் போய்விடுவாள், ஆகவே தேன் கரண்டி என் கையில்தான். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்குவேன், அது கழுவும் தொட்டிக்குப் போகும். தேனில் கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் போடுவேன். கசப்பு குறைந்தால் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் ஒரு சிட்டிகை வெந்தயப் பொடி. தடைப் பட்டியலை முழுக்கப் படித்துப் பார்த்தேன். வெந்தயத்தின் மேல் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. அவன் மனைவி ராத்திரி அட்டையைப் பார்ப்பாள், ஒன்று குறைந்திருக்கும், நிம்மதியாகத் தூங்குவாள். அவளும் உங்களிடம் உண்மையைத்தான் சொன்னாள்.

என் கணக்கு எளிமையானது. மாநிலப் போட்டி வரைக்கும்தான். அவன் சுட வேண்டும், முடிந்ததும் மாதிரி எடுப்பார்கள், அதில் எதுவும் இருக்காது. மடக்கும் இல்லை, மாத்திரையும் இல்லை என்று ஊருக்கே தெரிந்த பிறகு ராஜா மாதிரி ஓய்வு பெறலாம். அதற்கப்புறம் தேனில் நிஜ மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் போயிற்று. தராசு சரியாக இருக்கிறது என்று ஒரு முறை முத்திரை குத்திவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது.

வேடிக்கை என்ன தெரியுமா, அவன் முன்னைவிட நன்றாகச் சுட ஆரம்பித்தான். மருந்து உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையில் கை கல்லாக நின்றது. “மாத்திரை பிரமாதம் அண்ணே” என்றான் ஒரு நாள். “நடுக்கமே இல்ல. இது தெரிஞ்சிருந்தா அப்பா பிராந்திக்குக் காசு செலவழிச்சிருக்க மாட்டார்.” என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கால்சியத்துக்கும் வெந்தயத்துக்கும் இப்படி ஒரு பாராட்டு எந்த வீட்டிலும் கிடைத்திருக்காது.

ஒரு காலையில் குக்கர் விசில் அடித்தது. தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. “ஒண்ணுமில்ல, கண்ணு கொஞ்சம் இருட்டுச்சு” என்றான். நான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்து, சர்க்கரைத் தண்ணீர் கலந்தேன். “தூக்கம் பத்தலடா” என்றேன். அன்றைக்கு அலமாரியைத் திறந்து நிஜ மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். மருந்து உடம்பை விட்டுப் போகச் சில நாள் ஆகும், போட்டி அந்த வாரக் கடைசியில். அட்டையை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்தேன், விசில் சத்தம் வேண்டாமே என்று. என்னை அக்கறையில்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது.

போட்டி நாளில் எதிர்பாராத ஒரு இடைஞ்சல் வந்தது. தம்பியின் மனசாட்சி. தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்துவிட்டான். உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அனுமதி இருந்தாலும் இது சரியில்ல அண்ணே. மத்தவன் எல்லாம் வெறும் கையோட நிக்கறான். நான் மாத்திரையோட நிக்கறேன்.”

“விதிப்படிதானேடா நிக்கற?”

“விதி கிடக்கட்டும். பல் டாக்டர் கிட்டயாவது சொல்லிடறேன். இறுதிச் சுற்றுல அவரும் நானும்தான் நிப்போம் போல இருக்கு. தெரியாம தோத்தார்னா எனக்குத் தூக்கம் வராது.”

நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்ற நிலை அது. டேய், நீயும் வெறும் கையோடுதான் நிற்கிறாய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான், அவன் அப்படிப்பட்டவன்தான். பாதிப் போட்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் என்று ஆகியிருக்கும். “முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்” என்று அவன் காலரைச் சரி செய்து அனுப்பினேன்.

இறுதிச் சுற்றில் பார்வையாளர்கள் கைதட்டலாம், கத்தலாம், பாட்டுக்கூடப் போடுவார்கள். இப்போது அதுதான் பாணி. ஒவ்வொருவராக வெளியேற, அவன் சொன்ன மாதிரியே இருவர் மிஞ்சினார்கள். கடைசிக் குண்டில் பல் டாக்டர் ஒரு மயிரிழை முந்தினார். தம்பிக்கு வெள்ளி. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, கலப்படமில்லாத வெள்ளி.

தம்பி துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். “டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. நான் முன்வரிசையில்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து, பல் டாக்டருடைய ஆட்கள் பின்னாலிருந்து ஊதுகுழலை ஊதினார்கள், லாரி ஹாரன் மாதிரி ஒரு சத்தம். தம்பி சொல்ல வந்ததைச் சொல்லாமல் பல் டாக்டர் மேலேயே சாய்ந்தான்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். துக்கம் பிறகு வந்தது, அது வேறு விஷயம். முதலில் வந்தது நிம்மதி. சொல்லாமல் இருந்துவிட்டானே என்ற நிம்மதி.

முதலுதவிக்காரப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கெட்டிக்காரப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. நெஞ்சை அழுத்திக்கொண்டே அண்ணாந்து பார்த்து, “கூட வந்தவங்க யாரு? இதயக் கோளாறு ஏதாவது இருக்கா? மாத்திரை சாப்பிடறாரா? சீக்கிரம் சொல்லுங்க” என்றாள்.

சுற்றிலும் ஆட்கள். நடுவர்கள், போட்டியாளர்கள், தம்பியின் சட்டையைப் பிடித்தபடி பல் டாக்டர். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழக்கமான பார்வைதான் அது.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாதும்மா. அவன் உடம்புல எந்தக் கோளாறும் இல்ல. எதுவும் சாப்பிடல.”

அவள் என்னை நம்பினாள். என்னை எல்லோரும் நம்புவார்கள். வெயிலும் பசியும் சேர்ந்த மயக்கமாக இருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கிற பெட்டியை எடுத்துவர ஆள் மெதுவாகத்தான் போனான். நான் மறுபடி வாயைத் திறந்திருந்தால் அவன் ஓடியிருப்பான். நான் திறக்கவில்லை. தம்பியின் ஷூ நாடா அவிழ்ந்திருந்தது, குனிந்து அதைக் கட்டிவிட்டேன்.

இதற்குப் பெயர் என்ன என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், அது உங்கள் வேலை. மாத்திரையை நிறுத்தியது நான். அனுமதி கிடைத்ததாகச் சொன்னது நான். காப்பாற்ற வந்தவளைத் திருப்பிவிட்டதும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, என் தம்பி மனைவியை இனிமேல் கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கொலை என்று எழுத வேண்டியிருந்தால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஊக்கமருந்து என்ற சொல் மட்டும் எங்கள் குடும்பப் பெயர் இருக்கிற பக்கத்தில் எங்கேயும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா.